இரண்டும் பெட்டைதான்!

வளவும் வாழ்வும் – 9

போன கிழமை எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் தீவுக் கிராமமான மண்கும்பானில் மணலுக்கடியில் கிடக்கும் நல்ல தண்ணீர், உவர்நீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். அதனால் மாமி இன்றைக்கும் வாளியால்தான் அள்ளுகிறார் என்று முடித்திருந்தேன். அந்த வாளியோடு மாமி கிணற்றடியிலிருந்து திரும்பி வந்த ஒரு மார்கழி விடியலில் இந்தக் கிழமைக் கதை தொடங்குகிறது.

"பிள்ளை, இரண்டும் பெட்டை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் மாமி."

"அப்ப வந்து பார். ஒரு பெட்டை மூண்டு குட்டி போட்டிருக்கு. மற்றப் பெட்டை பக்கத்திலை நிண்டு முழிக்குது."

எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகளைத்தான் சொன்னார். அவை இந்த வளவுக்குள் வந்ததே ஒரு பெரிய கதை.

எங்கள் மகள் சின்னவள் பள்ளிக்கூடத் தோழி வீட்டில் ஒன்றைக் கண்டுவிட்டு வந்த நாளிலிருந்து சோறு தின்னும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. பெயரைக் கேட்டதும் மாமி முகத்தைச் சுளித்தார். "பண்டியே? கோயிலுக்குப் போய் வாற வீடு. பண்டியை வளவுக்குள்ளை அடுக்கேலாது." அது பன்றி இல்லையென்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் சாதி. சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கம். பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இவற்றைக் குசினி மூலையில் அவிழ்த்துவிட்டு, நாங்கள் கோழி வளர்க்கிற மாதிரி இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அங்கே இதற்குப் பெயர் 'குய்'. அது கத்தும் சத்தத்தில் பிறந்த பெயர் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் இது செல்லப்பிராணி ஆனது. ஜேர்மன்காரர் 'மேர்ஷ்வைன்ஷன்' என்கிறார்கள். கடல் பன்றிக்குட்டி என்று அர்த்தம்.

"கடல் தாண்டி வந்ததோ? அப்ப தீவாருக்குச் சொந்தம்தான்" என்று சிரித்தார் மாமி. ஆனால் சம்மதம் மட்டும் வரவில்லை.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். 1990 ஆவணியில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது, ஊரோடு ஊராக மாமியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். கொட்டிலில் ஒரு பால்மாடும் இரண்டு ஆடுகளும் நின்றன. கயிற்றை அவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஒரு ஆடு படலை மட்டும் பின்னால் வந்ததாம். வருடக்கணக்காகி ஊருக்குத் திரும்பியபோது கொட்டில் நின்ற இடமே தெரியவில்லை. அதன் பிறகு ஒரு கோழிக்குஞ்சைக்கூட மாமி வளர்த்ததில்லை. "எங்களை நம்பி நிக்கிற சீவன் இனி இந்த வளவிலை வேண்டாம்" என்பார்.

சின்னவளுக்கும் இந்தக் கதை தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பம்மாவிடம் போனாள். "அப்பம்மா, இது சின்னன்தானே. ஓட வேண்டி வந்தால் கடகத்துக்குள்ளை வைச்சுத் தூக்கிக்கொண்டு போகலாம்."

மாமி பதில் சொல்லவில்லை. பின்னேரம் பார்த்தால், பரணில் கிடந்த பழைய பனையோலைக் கடகத்தை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

*

அந்தக் கடகத்தோடு புரட்டாதியில் ஒரு நாள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய், கடையொன்றில் ஒரு குட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். கடகத்துக்குள் ஒரு அசைவும் இல்லை. பக்கத்துச் சீற்றிலிருந்தவர் எட்டிப் பார்த்து "முயலோ தங்கச்சி?" என்றார். அல்லைப்பிட்டி தாண்டும் வரைக்கும் சின்னவள் அவருக்கு வகுப்பெடுத்தாள்.

காயவைத்த ஒடியலின் நிறத்தில் இருந்ததால் 'ஒடியல்' என்று பெயர் வைத்தாள். ஒடியலோ மூன்று நாளும் பெட்டி மூலையை விட்டு வரவில்லை. புல்லைப் போட்டால், நாங்கள் விலகிப் போன பிறகுதான் தின்றது. சத்தமே போடவில்லை.

மூன்றாம் நாள் இரவு சூரிச்சிலிருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் வந்தா. எங்கள் தீவுப்பகுதிச் சனம் நிறையப் பேர் இப்போது சுவிஸில்தான். சின்னவள் போனை ஒடியலுக்குக் காட்டினாள்.

"ஏன் ஒண்டு மட்டும்?" என்றா மச்சாள். "இஞ்சை இதைத் தனிய வளர்க்கேலாது. சட்டம்."

உண்மைதான். சுவிட்சர்லாந்தில் 2008 செப்டம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, கூட்டமாக வாழும் பிராணிகளைத் தன் இனத்தின் துணையில்லாமல் வளர்க்கக் கூடாது. கினிப்பன்றி என்றால் குறைந்தது இரண்டு. அதில் ஒரு சிக்கல் வருகிறது. இரண்டில் ஒன்று செத்துவிட்டால் மிஞ்சியது தனியாகிவிடும். அதற்குத் துணையாக ஒரு குட்டியை வாங்கினால், கிழம் போன பிறகு குட்டி தனியாகும். இது முடியாத சங்கிலி. அதனால் மிஞ்சியிருக்கும் கிழத்துக்கு அதன் கடைசிக் காலம் வரைக்கும் ஒரு துணையை வாடகைக்குக் கொடுக்கும் வேலையைச் சூரிச் மாநிலத்தில் ஒரு பெண் தொடங்கினார். கேட்டுச் சிரித்தோம். துணையை வாடகைக்கு எடுக்கிறதோ!

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமி சிரிக்கவில்லை. "நல்ல சட்டம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் வவுனியாவிலிருந்து இங்கே குடிவருவதற்கு முன் ஆறு வருடம் மாமி இந்த வீட்டில் தனியே இருந்தவர். இரவில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். நாங்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் பெட்டைதான், பயப்படாதேங்கோ" என்றார். பனங்கட்டி நிறம், பெயரும் அதுவே. அன்றிரவே ஒடியல் மூலையைவிட்டு வந்துவிட்டது. விடிய, புல்லுப்பை சரசரத்த சத்தத்துக்கு இரண்டும் சேர்ந்து 'கீக் கீக்' என்று கத்தின. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம்.

*

மார்கழி விடியலில் நான் போய்ப் பார்த்தபோது மூன்று குட்டிகளும் ஒடியலுக்குக் கீழே நின்றன. கிடக்கவில்லை, நின்றன. எலி மூன்று கிழமையில் குஞ்சு போடும். மயிரில்லாமல், கண் திறக்காமல், சிவந்த விரல்நுனி மாதிரிக் கிடக்கும். கினிப்பன்றி 59 முதல் 72 நாள் வரைக்கும் சுமக்கிறது. அவ்வளவு நாள் வயிற்றில் இருந்ததன் பலன், குட்டி முழு மயிரோடும், திறந்த கண்ணோடும், பல்லோடும் வந்து விழுகிறது. சில மணித்தியாலத்தில் ஓடும். அடுத்த நாளே புல்லைக் கடிக்கும். ஒன்றைக் கையில் எடுத்தேன். பாரம் நூறு கிராமும் வராது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது மணிக்கூடு ஓடுவது போலத் தெரிந்தது.

"ஆட்டுக்குட்டி மாதிரியெல்லோ வந்திருக்கு" என்றார் மாமி. ஒரு விரலால் ஒன்றின் முதுகைத் தடவினார். மூன்று மாதத்தில் அவர் அவற்றைத் தொட்டது அன்றைக்குத்தான்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. குட்டியில் கிடாயும் பெட்டையும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பழகின கைக்கும் பிழைக்கும். அடுத்துவந்த பிழை முழுக்க எங்களுடையது. பனங்கட்டியை வேறாக்க வேண்டும் என்று மச்சாள் சொன்னபோது மூன்று நாள் கடந்துவிட்டது. குட்டி போட்ட சில மணித்தியாலத்திலேயே பெட்டை திரும்பவும் சினைப்படும் என்பது எங்களுக்குத் தெரியாது. மாசிக் கடைசியில் ஒடியல் இன்னும் நான்கு போட்டது. இரண்டு ஒன்பதாகியது. என் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வருசம் முடிய மண்கும்பான் சனத்தொகையை விட உது கூடிவிடும்" என்றார்.

அதற்குள் கற்றுக்கொண்டோம். கிடாய்க்குட்டியை மூன்று கிழமையில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அந்த வயதிலேயே அதற்குப் பருவம் வந்துவிடும். இப்போது வேப்பமரத்தின் கீழே இரண்டு பட்டி. ஒன்றில் பெட்டைகள், மற்றதில் கிடாய்கள். மேலே கம்பி வலை. பகலில் காகமும் பருந்தும் சாரைப்பாம்பும், இரவில் பூனையும் என்று கண் வைத்திருக்கிறவை பல.

*

சாப்பாட்டுப் பொறுப்பு மாமியின் கைக்குப் போனது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கினிப்பன்றியின் பல்லு சாகும்வரை வளரும். தேய்வதற்குப் புல்லு வேண்டும், அதுவும் எந்நேரமும் வேண்டும். அறுகம்புல் நல்லதென்று நான் சொன்னதும் மாமியின் முகம் மாறியது. "பிள்ளையாருக்குச் சாத்திற அறுகு. எலியும் அவற்றை வாகனம். வடிவாய்ப் பொருந்துது." மாரிமழையில் அறுகு செழித்து நின்ற மார்கழி, தை இரண்டு மாதமும் உழவாரத்தால் செதுக்கிக் கொண்டுவந்து, மண் உதறி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டினார். எனக்கு அது வீண்வேலை போலப் பட்டது. பங்குனி பிறந்து, தரவையில் மாடு கடிக்கவும் ஒரு பச்சையில்லாமல் போனபோதுதான் அந்த ஏழு சாக்கின் பெறுமதி தெரிந்தது.

கொய்யாவும் மாமியின் கணக்குத்தான். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் விற்றமின் சியைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிசராலும் கினிப்பன்றியாலும் அது முடியாது. 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ற், ஃபுரோலிக் என்ற இருவர் கப்பற்காரருக்கு வரும் நோயொன்றை ஆராயக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் அந்த வருத்தம் மனிசருக்கு மட்டும்தான் வரும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். விற்றமின் சி கண்டுபிடிக்கப்பட்டதற்கு அது ஒரு வாசலைத் திறந்தது. ஒரு கினிப்பன்றிக்கு நாளுக்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் போதும். நூறு கிராம் கொய்யாவில் இருநூறுக்கு மேல் இருக்கிறது. ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். மாமி பழத்தை வெட்டும்போது முதல் துண்டு சின்னவளுக்கு, மிச்சம் பட்டிக்கு. "ஒரே சத்துக் குறைஞ்ச சாதியள்" என்று இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொல்வார்.

சித்திரை வெயில்தான் பெரிய கண்டம். குளிர்மலையில் பிறந்த சாதி, வியர்க்கத் தெரியாது. முப்பது பாகை தாண்டினாலே ஆபத்து. ஒரு மத்தியானம் பனங்கட்டி பக்கமாய்ச் சரிந்து, வாயைத் திறந்து இளைத்தது. நான் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றப் போனேன். மாமி தடுத்து, ஈரத்துணியால் காதையும் காலையும் ஒற்றி ஒற்றி எடுத்தார். அரை மணித்தியாலத்தில் எழும்பியது. அன்று பின்னேரமே விளிம்பு உடைந்த இரண்டு மண்பானைகளைச் சரித்து வைத்து, வெளியே ஈரச்சாக்கைச் சுற்றினார். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், கிணற்றுக் குளிர்மை. இப்போது மத்தியானமானால் பானை வாயில் மூக்குகள் மட்டும் தெரியும். சோளகம் எழும்பி மணல் பறக்கத் தொடங்கிய பிறகு, கண்ணில் மண் விழாமல் கிடுகுத் தட்டியும் கட்டியாகிவிட்டது.

*

ஒன்பதையும் வைத்திருக்க முடியாது. கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். முதல் ஆளாகப் பக்கத்து ஒழுங்கைப் பொடியன் தாயோடு படலையில் வந்து நின்றான்.

"ஒண்டு தந்தால் காணும், மாமி" என்றா தாய். "இவனுக்கு விளையாடத்தானே."

"ஒண்டாய்க் குடுக்கேலாது. எடுக்கிறதெண்டால் சோடியாய் எடு. இரண்டும் பெட்டை, நான் வடிவாய்ப் பாத்திட்டன்."

"உதென்ன புதுச் சட்டம்?"

"சுவிஸிலை இருக்கு, கேட்டுப் பார்" என்றார் மாமி, வெற்றிலையை மென்றபடி.

அவர்கள் சோடியாகவே கொண்டுபோனார்கள். அடுத்த கிழமை அல்லைப்பிட்டிக்கு ஒரு சோடிக் கிடாய்க்குட்டிகள் போயின. இப்போது மிச்சம் ஐந்து. கடகம் திரும்பவும் பரணுக்குப் போகவில்லை. பட்டிக்குப் பக்கத்தில் வேப்பங்கொப்பில் தொங்குகிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் கோயில் மணி கேட்டதும் மாமி புல்லுச் சாக்கை அவிழ்ப்பார். அந்தச் சரசரப்புக்கு இரண்டு பட்டியும் ஒரேயடியாகக் கத்தும். "வாறன், வாறன். எனக்கு என்ன நாலு கையோ" என்று ஏசிக்கொண்டே போவார்.

நேற்று மாமியின் அறையைக் கூட்டும்போது பார்த்தேன். ரேடியோ கட்டிலடி மேசையில்தான் இருக்கிறது. அதற்கு மேலே உழவாரம் கிடந்தது. ரேடியோவை எடுத்துத் திருகிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. பற்றரி செத்து எத்தனை நாளோ.

(தொடரும்)

அடுத்த கிழமை: குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போன கதை.