இணையத்தளம் யார் பெயரில் இருக்கிறது?

யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, இறக்குவானை, பலாங்கொடை என்று சப்ரகமுவத் தோட்டப் பக்கங்களில் சிறுதொழில் செய்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான முறைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவருக்கு இணையத்தளம் செய்து கொடுத்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். விலையை மாற்றக்கூட வழியில்லை. இன்னொருவருடைய தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்ட பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மூன்றாமவர் பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பித் தொழில் நடத்தியவர். பக்கத்தைப் பறித்தவர்கள் அவருடைய படங்களையே போட்டு வாடிக்கையாளரிடம் முற்பணம் வாங்கிக்கொண்டார்கள். பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வந்து நின்றது அவருடைய லயத்து வாசலில்.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. தையல், பலகாரம், கித்துள் பாணி, மிளகு, வாகன வாடகை என்று கொழுந்துச் சம்பளத்துக்கு வெளியே ஒரு வருமானம் தேடியவர்கள். தொழில் தெரியும், பொருள் நல்லது. ஆனால் தொழிலின் வாசல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் விட்டார்கள்.

பேஸ்புக் பக்கம் லயத்து அறையைப் போன்றது. எத்தனை காலம் இருந்தாலும் உறுதிப்பத்திரம் நம் கையில் இல்லை. நிறுவனம் நினைத்தால் மூடலாம், பூட்டை உடைத்தவன் உள்ளே இருக்கலாம். பக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவும் இருக்கட்டும், வட்ஸ்அப்பும் இருக்கட்டும். ஆனால் வாடிக்கையாளர் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் உங்கள் பெயரில் பதிந்த தளமாக இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து 20 கிலோ கித்துள் கருப்பட்டி வாங்க நினைக்கிற கடைக்காரர் முதலில் கூகுளில் தேடுவார். பெயர், பதிவிலக்கம், விலை, தொலைபேசி நான்கும் ஓரிடத்தில் இருந்தால் அழைப்பார், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்ப்பார். தகராறு வந்தாலும் தளத்தில் பதிவான ஓடர் உதவும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி, மின்னணு வடிவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று தள்ள முடியாது.

முதல் வேலை டொமைன், அதாவது தளத்தின் பெயர். இதையும் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஹோஸ்டிங் போனால் வேறிடத்தில் வாங்கலாம். டொமைன் போனால் அட்டையில், பக்கற்றில், முச்சக்கர வண்டியில் எழுதிய பெயரெல்லாம் வீண். டொட் எல்கே பெயர்களை 1990 முதல் எல்கே டொமைன் பதிவகம் வழங்குகிறது. 2010இலிருந்து டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் பெறலாம். பதிவை இணையத்தில் நீங்களே செய்யலாம். செய்து தருபவரிடம் விட்டாலும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விடயங்களைப் பாருங்கள். பதிவு உரிமையாளர் (Registrant) என்ற இடத்தில் உங்கள் பெயர் அல்லது உங்கள் வியாபாரப் பெயர் இருக்க வேண்டும். மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் உங்கள் அடையாள அட்டையில் எடுத்த சிம்மாக இருக்க வேண்டும். தொழில்நுட்பத் தொடர்பு என்ற இடத்தில் அவர் தன் பெயரைப் போடட்டும், குற்றமில்லை. பதிவு உரிமையாளர் இடத்தில் போட விடாதீர்கள். அவர் சொந்த மருமகனாக இருந்தாலும் விடாதீர்கள்.

ஏற்கெனவே அடுத்தவர் பெயரில் இருந்தால், அவர் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே மாற்றுங்கள். சண்டை வந்த பிறகு மாற்றுவது பத்து மடங்கு கடினம். டொட் எல்கே என்றால், பதிவு உரிமையாளராக இருப்பவரே பெயரை உங்களுக்கு மாற்றச் சம்மதிப்பதாக எழுத்தில் வாங்கி, அடையாள அட்டைப் பிரதியோடும் வியாபாரப் பதிவோடும் எல்கே டொமைன் பதிவகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். டொட் கொம் பெயரை வேறு நிறுவனத்திலுள்ள உங்கள் கணக்குக்கு மாற்றுவதென்றால், விற்ற நிறுவனத்தின் கணக்கில் பூட்டைத் திறந்து மாற்றுக் குறியீட்டை வாங்க வேண்டும். டொட் கொம் பெயர் காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பும் ஒரு வாரத்துக்கு முன்பும் நினைவூட்டல் அனுப்புவது விற்ற நிறுவனத்தின் கடமை. அது போவது பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு. கட்டாரில் இருக்கும் தம்பியின் மின்னஞ்சலுக்குப் போனால் உங்களுக்கு என்ன பயன்? கட்டணம் தவறிப் பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதலாகக் கட்டி மீட்கலாம். அது முடிந்தால் பெயர் சந்தைக்குப் போய்விடும்.

அடுத்தது வியாபாரப் பெயர்ப் பதிவு, எல்லோரும் பி.ஆர். என்று சொல்கிற காகிதம். தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது இல்லாமல் வங்கி வியாபாரக் கணக்கு திறக்காது. கார்ட்டில் பணம் வாங்கும் வசதியும் கிடைப்பது கடினம். தொழில் தொடங்கி 14 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. போக வேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். பூர்த்தி செய்த படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். உணவுப் பொருளென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பரிந்துரையும் வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் சிக்குவது இடத்துக்கான ஆதாரத்தில். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் காணி அரசினுடையதாகவே இருந்தது. லயத்தில் இருப்பவரிடம் உறுதி கிடையாது. கடிதங்கள்கூடத் தோட்ட ஓபிஸ் வழியாக வரும் நிலை பல இடங்களில் தொடர்கிறது. ஆகவே ஆட்சேபனை இல்லை என்று தோட்ட அத்தியட்சகரிடம் எழுத்தில் கடிதம் கேளுங்கள். வாயால் சொன்ன அனுமதி கவுண்டரில் செல்லாது. துரை தர மறுத்தால், உறுதி உள்ள உறவினர் வீட்டிலோ பஜாரிலோ ஒரு சிறு இடத்தை வாடகை ஒப்பந்தத்தோடு எடுத்து, அந்த முகவரியில் பதியுங்கள். அப்போது அந்த இடத்துக்குரிய கிராம உத்தியோகத்தரிடம்தான் போக வேண்டும், உங்கள் தோட்டத்துக்குரியவரிடம் அல்ல. பிரிவு மாறிப் போய் நாள் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

பிரதேச செயலகத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சிங்களப் படிவத்தை நீட்டி "இதுதான் இருக்கிறது" என்பார்கள். "சேர் இல்லை, அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். வந்து போகிற ஒவ்வொரு நாளும் ஒரு பேர் சம்பளம் போகிறது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உறைப்பதே இல்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் நீங்கள் தமிழில் எழுதவும் பேசவும் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அது சலுகை அல்ல. மறுத்தால் திகதி, பிரிவு, உத்தியோகத்தரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே செயலகத்தின் தகவல் அதிகாரியிடம் "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த ஓபிசில் என்ன காகிதம் என்று போகுமுன் அறிய 1919 என்ற அரச தகவல் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழில் கேட்கலாம்.

தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பி.ஆரில் உள்ள அதே பெயர், பதிவிலக்கம், விலை, அனுப்பும் கூலி, பழுதானால் என்ன செய்வீர்கள் என்ற ஒரு வரி. தமிழோடு சிங்களமும் கட்டாயம் வேண்டும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் வாங்குபவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். பாமினி எழுத்தில் செய்த போஸ்டரைப் படமாகப் போட்டு அதையே தளம் என்கிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை நம்பிக் கூகுளில் முதலிடம் எதிர்பார்க்க முடியாது. யுனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். சிக்னல் ஒரு கோடு காட்டும் மலையில் கனமான படங்கள் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார், படங்களைச் சிறிதாக்குங்கள்.

முகவரி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கூகுள் மெப்பில் உங்கள் வாசலை விரலால் அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணும் கலந்த பிளஸ் கோட் ஒன்று வரும். காசு இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். அதைத் தளத்திலும் பார்சல் விலாசத்திலும் எழுதுங்கள். கூரியர் தம்பி தோட்ட ஓபிசில் போட்டுவிட்டுப் போகாமல் வீடு வரை வர இது உதவும்.

சில பொருள்களுக்குத் தளத்தில் படம் போடுமுன்னே அனுமதி வேண்டும். தேயிலைப் பக்கற்றில் உள்ள சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. பார்த்து வரைந்து போடக் கூடாது. இரத்தினக்கல் வியாபாரத்துக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும். கித்துல்கலைப் பக்கம் வீட்டில் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிக்கு விடுபவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிய வேண்டும்.

பக்கமோ தளமோ பறிபோனால் முதலில் வாடிக்கையாளருக்கு வேறு வழியில் அறிவியுங்கள், பிறகு அழுங்கள். போலிப் பக்கத்தையும் பணம் கேட்ட செய்திகளையும் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லி, பொலிஸிலும் முறைப்பாடு செய்து, அதன் பிரதியை எடுங்கள். ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி என்று சொன்னாலும், கூரியர் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். வாங்குபவர்களுக்கும் ஒன்று: கட்டிய பணத்துக்குப் பொருள் சரியில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடுங்கள், விசாரிக்க 1977. பற்றுச்சீட்டு வாங்காமல் விட்டால் அங்கே போய் என்ன காட்டுவீர்கள்?

மகளிர் குழுவாகத் தொழில் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் பதிந்துவிடுகிறார்கள். அவர் கலியாணம் முடித்து வத்தளைக்குப் போனதும் டொமைன், பேஸ்புக், வங்கிச் செய்தி எல்லாம் கூடவே போய்விடுகின்றன. குழுவின் பெயரில் தனி மின்னஞ்சல் திறந்து, பேஸ்புக் பக்கத்தில் இரண்டு பேருக்கு முழு அதிகாரம் கொடுங்கள். டொமைன் முடியும் திகதி என்ன, கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடவுச்சொல்லை மட்டும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். உறையில் போட்டு ஒட்டித் தலைவியும் செயலாளரும் ஆளுக்கொன்று வைத்திருக்கட்டும். நிர்வாகம் மாறும் கூட்டத்திலேயே, எல்லோரும் கலைந்து போகுமுன், கடவுச்சொல்லை மாற்றிப் புதியவர்களிடம் கொடுங்கள்.