குட்டை உத்திரங்களில் நறுக்கு உருத்திரிபு

நறுக்கு உருத்திரிபு என்பது, சுமை தாங்கும் உத்திரத்தின் அடுத்தடுத்த குறுக்குவெட்டுகள் ஒன்றுக்கொன்று மேல்கீழாக நழுவுவதால் ஏற்படும் வடிவ மாற்றம் ஆகும். நீண்ட உத்திரங்களில் இதைப் புறக்கணிக்கலாம். ஆழத்தோடு ஒப்பிட நீளம் குறைந்த உத்திரங்களில் புறக்கணித்தால், தொய்வும் அதிர்வெண்ணும் தவறாகக் கணிக்கப்படும்.

கோட்பாடு

உத்திரம் வளைந்த பிறகும் குறுக்குவெட்டு அதன் அச்சுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பது ஆய்லர்–பெர்னூலி கோட்பாட்டின் எடுகோள். இதில் நறுக்கு உருத்திரிபுக்கு இடமில்லை. ஸ்டீபன் திமொஷென்கோ 1921இல் வெளியிட்ட கோட்பாடு, அக்கோணம் மாறலாம் என ஏற்று, வளைவுத் தொய்வுடன் நறுக்குத் தொய்வையும் கூட்டுகிறது.

இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏற்ற உத்திரத்தில், வளைவுத் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நறுக்குத் தொய்வு நீளத்திற்கு மட்டுமே நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே நீளம் பாதியானால் முதலாவது எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது பாதியாகவே குறையும்.

செவ்வகக் குறுக்குவெட்டுள்ள எஃகு உத்திரத்தில், வளைவுத் தொய்வோடு ஒப்பிட்ட நறுக்குத் தொய்வின் அளவு:

- நீளம் ஆழத்தைப் போல் 10 மடங்கு எனில் சுமார் 3%
- 5 மடங்கு எனில் சுமார் 12%
- 2 மடங்கு எனில் சுமார் 78%

'ஐ' வடிவ உத்திரங்களில் பெரும்பாலான நறுக்கு விசையை மெல்லிய நடுத்தகடே தாங்குவதால், இந்த விளைவு இன்னும் கூடும்.

எடுத்துக்காட்டு

1969 முதல் மணலியில் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற ஆலைகளில், பம்புகளும் மோட்டார்களும் இடைவிடாது சுழல்கின்றன. அத்தகைய எந்திரம் ஒன்றைத் தாங்க, 1.5 மீட்டர் நீளமுள்ள ஐ.எஸ்.எம்.பி 300 வகை எஃகு உத்திரம் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். நடுவில் வரும் சுமை 65 கிலோநியூட்டன். உத்திரத்தின் தன்னெடை மிகச் சிறியதாதலால் விடப்பட்டுள்ளது.

- வளைவுத் தொய்வு: சுமார் 0.27 மில்லிமீட்டர்
- நறுக்குத் தொய்வு: சுமார் 0.14 மில்லிமீட்டர்

இரண்டும் கண்ணுக்கே தெரியாத அளவுகள். உத்திரத்தின் வலிமைக்கும் குறைவில்லை. ஆனால் வளைவை மட்டும் கணக்கிட்டால் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 30.6 எனக் கிடைக்கும். நறுக்கையும் சேர்த்தால் அது 24.7 ஆகக் குறையும். இந்தியாவின் 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் இயங்கும் நான்கு முனைத் தூண்டல் மோட்டார், முழுச்சுமையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,480 முறை, அதாவது நொடிக்கு 24.7 முறை சுழலக்கூடியது. தாளில் பாதுகாப்பாகத் தெரிந்த உத்திரம், நடைமுறையில் ஒத்ததிர்வுக்கு உள்ளாகும்.

கற்காரை உத்திரங்கள்

எளிதாகத் தாங்கப்பட்ட கற்காரை உத்திரத்தில் நீளத்திற்கும் ஆழத்திற்குமான விகிதம் 2க்குக் குறைந்தாலும், தொடர் உத்திரத்தில் 2.5க்குக் குறைந்தாலும், ஐ.எஸ். 456:2000 நெறிமுறை அதை ஆழ உத்திரம் என வகைப்படுத்தித் தனி விதிகள் தருகிறது. அந்நிலையில் திமொஷென்கோ கோட்பாடும் முழுமையாகப் போதாது.