நூலகர்களுக்கான இணைய அணுகல்தன்மைப் பயிற்சி

நூலகர்களுக்கான இணைய அணுகல்தன்மைப் பயிற்சி என்பது நூலகப் பணியாளர்களுக்கு அளிக்கப்படும் ஒரு தொழிற்பயிற்சி ஆகும். நூலக வலைத்தளம், மின்னூல், மின்னிதழ், தரவுத்தளம் ஆகியவற்றை மாற்றுத்திறனாளி வாசகரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி தேர்ந்தெடுக்கவும், சோதிக்கவும், திருத்தவும் இப்பயிற்சி கற்றுத்தருகிறது. பார்வையற்றோர், குறைபார்வை உடையோர், கை அசைவு குறைந்தோர், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர்ப்படுவோர் ஆகியோரே இதனால் பெரிதும் பயனடைவர்.

பின்னணி

நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழி சி. இரா. அரங்கநாதன் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அச்சு நூல் மட்டுமே இருந்த காலத்தில் பார்வையற்ற வாசகருக்கு இவ்விதியை நிறைவேற்றப் பிரெய்ல் நூலும் ஒலிப்பதிவுமே வழியாக இருந்தன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைபடிப்பான் மென்பொருள்கள் வந்தபின் நிலைமை மாறியது. ஆத்திரேலியாவில் 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆனால் கோப்பில் உண்மையான எழுத்து இருந்தால்தான் எந்தத் திரைபடிப்பானும் படிக்கும். மின்வடிவில் இருப்பதாலேயே ஒரு நூல் எல்லாருக்கும் எட்டிவிடுவதில்லை. இந்த வேறுபாட்டை நூலகர் அறிந்திருப்பதே பயிற்சியின் அடிப்படை நோக்கம்.

தமிழ் மின்னூல்களின் சிக்கல்

தமிழ் மின்னூல்களில் இரண்டு தடைகள் அடிக்கடி காணப்படுகின்றன.

முதலாவது, படமாக வருடப்பட்ட பக்கங்கள். கண்ணுக்கு இவை தெளிவாகத் தெரிந்தாலும் கணினிக்கு வெறும் படமே. திரைபடிப்பான் இவற்றின் முன் பேசாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தோன்றும் சொல், கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளாகவே இருக்கும். திரைபடிப்பான் அக்குறிகளையே படிக்கும். கேட்பவருக்கு எதுவும் விளங்காது. தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தர முறையாக ஏற்றது. எனினும் அதற்கு முன் உருவான கோப்புகள் பல இன்றும் புழக்கத்தில் உள்ளன.

இத்தடைகளைக் கண்டறியப் பயிற்சியில் ஓர் எளிய சோதனை கற்பிக்கத்தக்கது. மின்னூலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வேறொரு வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

- வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை எனில் அப்பக்கம் பெரும்பாலும் படம். எழுத்துணரி மென்பொருளால் அதை எழுத்தாக மாற்ற வேண்டும்.
- பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வந்தால் அது பழைய எழுத்துரு. எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.
- தமிழ் பிழையின்றி வந்தால் திரைபடிப்பானும் அதைப் படிக்கும் எனப் பெரும்பாலும் நம்பலாம்.

எழுத்துணரி தந்ததை அப்படியே ஏற்க இயலாது. ‘ர’ என்னும் எழுத்தையும் துணைக்காலையும் அது குழப்பக்கூடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் உள்ள பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களிலும் தடுமாறக்கூடும். எனவே மெய்ப்புப் பார்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வெளியிட்டது. அவற்றின் ஒருங்குறிப் பதிப்புகளைத் திரைபடிப்பான் படிக்கும்.

வலைத்தளத் தரம்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் வலை உள்ளடக்கத்துக்கான அணுகல் வழிகாட்டியை 1999 ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டது. இதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உள்ளடக்கம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, பல கருவிகளிலும் நிலைத்து இயங்குவதாக இருக்க வேண்டும் என்பவை இதன் நான்கு கொள்கைகள். நூலகர் நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பின்வருவனவற்றைச் சோதிக்கத் தெரிந்தால் போதும்.

- சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டுமே நூற்பட்டியலில் தேட முடிகிறதா?
- படங்களுக்கு மாற்று விளக்கம் தரப்பட்டுள்ளதா?
- எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் சிதையாமல் இருக்கிறதா?
- எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு உள்ளதா?

தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டும் முன்பே இக்கேள்விகளை விற்பனையாளரிடம் கேட்பது சிறந்தது. பணம் செலுத்தியபின் குறையைத் திருத்தச் செய்வது கடினம்.

சட்ட அடிப்படை

பதிப்புரிமை உள்ள நூலை மாற்று வடிவில் தருவது குற்றமாகுமோ என்ற அச்சம் நூலகர்களுக்கு எழுவது இயல்பு. 2012 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக இலாப நோக்கின்றி, அணுகத்தக்க வடிவில் படி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. அப்படி மற்றவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நூலகத்தின் பொறுப்பு. இதே நோக்கில் 2013 ஆம் ஆண்டு உருவான மராக்கேசு உடன்படிக்கைக்கு முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

பெரியகுளம் போன்ற ஊர்களில்

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023 சூலையில் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவுகள் உள்ளன. தேனி மாவட்டம் பெரியகுளத்திலிருந்து மதுரை செல்ல ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் தேவை. பார்வையற்ற மாணவர் ஒருவர் ஒவ்வொரு நூலுக்கும் அவ்வளவு தொலைவு செல்வது இயலாது. ஆகவே உள்ளூர் நூலகரின் பயிற்சியே இங்கு முதன்மையானது.

2016 ஆகத்தில் தொடங்கப்பட்ட சுகம்ய புத்தகாலயம் என்னும் இணைய நூலகம், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கு அணுகத்தக்க நூல்களைத் தருகிறது. கிளை நூலகத்தில் ஒரு கணினி, இணைய இணைப்பு, காதணி ஒலிப்பான், இலவசத் திரைபடிப்பான் ஆகியவை இருந்தால் இச்சேவையைப் பயன்படுத்தலாம். உறுப்பினராகத் தேவையான சான்றுகளைச் சேர்க்கவும், நூலைத் தேடி இறக்கவும் நூலகர் உதவ முடியும்.

பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும், 1971 ஆம் ஆண்டு தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் உள்ளன. உயர்கல்வி நிறுவனங்களுக்கு மின்னிதழ்களைத் திரட்டித் தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு நடுவண் அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும்; மூன்று ஆண்டுகளுக்கான ஒதுக்கீடு ₹6,000 கோடி. இத்தகைய வளங்கள் கல்லூரிக்குள் வந்தாலும், மாணவர் அனைவரும் அவற்றைப் படிக்க முடிகிறதா என்பதைச் சோதித்தறிய வேண்டியவர் அங்குள்ள நூலகரே.