மெட்ரோ கம்பியைச் சுற்றி ‘சும்மா’ கிடக்கும் காற்று: கணினி ஏன் அதையும் வரைகிறது?

வண்ணாரப்பேட்டையில் பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயில், தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் மேலே ஏறி, விம்கோ நகர் வரை பாலத்தில் போகிறது. 2021 பிப்ரவரி 14-ல் திறக்கப்பட்ட இந்த 9 கி.மீ. நீட்டிப்பில், சுரங்கமோ பாலமோ, ரயிலுக்கு மேலே அதே 25,000 வோல்ட்தான். ஆனால், அந்த மின்புலத்தைக் கணினியில் கணக்கிடுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

காற்றை எதுக்கு வரையணும்?

கம்பியை மட்டும் வரைந்தால் போதாது. மின்புலம் பரவிக் கிடப்பது கம்பிக்கும் தரைக்கும் நடுவே உள்ள காற்றில்தான். காற்று தாங்குவது செ.மீ.க்குச் சுமார் 30,000 வோல்ட். அதைத் தாண்டினால் பொறி பறக்கும். அதனால், சுற்றியுள்ள காற்றையும் ஒரு பெட்டியாக வரைந்து, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். கம்பிக்குப் பக்கத்தில் துண்டுகள் பொடிசு. தள்ளிப் போகப் போகப் பெரிசு.

பெட்டி எங்கே முடியும்?

சுரங்கத்தில் சிக்கல் குறைவு, சுவரே எல்லை. பாலத்துக்கு மேலே வானம்தான். ஆனாலும் கணினி எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். விளிம்பில் ‘பூஜ்ஜியம் வோல்ட்’ என்று கொடுத்தால், அங்கே எர்த் செய்த இரும்புச் சுவரை எழுப்பியதாக அர்த்தம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 1 செ.மீ. விட்டமுள்ள கம்பி, 25,000 வோல்ட், தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் உயரம். கம்பியின் மேற்பரப்பில் மின்புலம் செ.மீ.க்குச் சுமார் 6,500 வோல்ட். அதே கம்பியைச் சுற்றி 1 மீட்டரில் வட்டமாகப் பெட்டியை மூடினால், 9,400 வோல்ட். இல்லாத சுவர் ஒன்று விடையை 45 சதவீதம் ஏற்றிவிட்டது!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டு மொட்டைமாடி பெட்டியின் விளிம்பை ஒட்டி வந்தால், அங்கே வோல்டேஜ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ‘பாதுகாப்பான தூரம்’ என்று தப்புக்கணக்கு போட அது போதும்.

எப்படிச் சரிபார்ப்பது?

பெட்டியை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை மாறினால் பெட்டி பத்தவில்லை. இன்னும் பெரிசாக்க வேண்டும். கடைசி அடுக்கைக் கணித ரீதியாக முடிவில்லாத தூரம் வரை நீட்டும் ‘முடிவிலிக் கூறுகள்’ என்ற வழியும் உண்டு.

நமக்கு என்ன?

கம்பியைத் தொட்டால்தான் ஷாக் என்று நினைப்பது தவறு. பாதுகாப்பு தருவது இடையில் உள்ள காற்று. ஈரமான பட்ட நூலோ, மாடியில் தூக்கிப் பிடித்த இரும்புக் கம்பியோ உள்ளே நுழைந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். திருவொற்றியூர் கடற்காற்றில் இன்சுலேட்டர்மேல் படியும் உப்பும் ஈரமும் சேர்ந்தாலும் ஆபத்துதான். சுத்தமான காற்றை வைத்துப் போட்ட கணக்கு, அங்கே செல்லாது.