கருஞ்சீரகமும் சுகர் மாத்திரையும்

சுகர் உள்ளவர்களில் சிலர், கருஞ்சீரகம் சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் கருஞ்சீரகத்துக்கு நல்ல பெயர் கிடைத்திருப்பது உண்மைதான். அது எதற்குக் கிடைத்தது என்று பார்ப்போம்.

இரத்தக் குழாய்களின் உட்புறம் ஒரே அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை இவைதான் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அது உள்ளே புகுவதை இந்தச் செல்களால் தடுக்க முடியாது. புகுந்த சர்க்கரை, இரும்பைத் துரு அரிப்பதுபோல் செல்லை அரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. கண், சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்கள் பழுதாவதும் காலில் புண் ஆறாமல் இழுப்பதும் இப்படித்தான்.

கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன், மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவெர்சிட்டின் ஆகியவை இந்த அரிப்பைக் குறைப்பதை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் தட்டில் மருந்து நேராகச் செல்லின் மேல் படுகிறது. நாம் சாப்பிடும் மஞ்சளில் இருந்து இரத்தத்தில் சேரும் குர்குமினோ மிகச் சொற்பம்.

மாத்திரை என்றால் வெறும் ரசாயனம் என்று நினைக்க வேண்டாம். மெட்ஃபார்மினுக்கு மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. அதிலிருந்த பொருளின் நச்சுத்தன்மையைக் களைந்து மாற்றி அமைத்த மருந்தை 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல ஆண்டுகள் சோதித்த மருந்து அது.

மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 1 சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்ததைப் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. எந்த விதைக்கும் இப்படி ஒரு கணக்கு இன்னும் வரவில்லை.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் மதிக்கிறோம். உபை இப்னு கஅப் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரை அனுப்பிவைத்ததும் ஹதீஸில்தான் இருக்கிறது.

ஆகவே கருஞ்சீரகம் உணவோடு இருக்கட்டும், மாத்திரையும் தொடரட்டும். எண்ணெயாகவோ பொடியாகவோ தினமும் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். நோன்பு நாட்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. மாத்திரைச் செலவு பாரமாக இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.