காற்றைக் கட்டிவைத்த மீன்கொத்தி

நவி மும்பையின் ஐரோலியில் பூநாரை பார்க்கப் படகேறுகிறவர்கள் அலையாத்தி மரக்கிளையில் இருக்கும் மீன்கொத்தியை அதிகம் கவனிப்பதில்லை. அங்குள்ள தானே உப்பங்கழி 2015-இல் சரணாலயமானதும் பூநாரையின் பெயரில்தான். ஆனால் ஆங்கிலத்துக்கு ‘ஹால்சியன்’ என்ற அருமையான பெயரடையைத் தந்தது மீன்கொத்தி.

அமைதியும் நிறைவும் கூடிய காலத்தை அந்தச் சொல்லால் குறிப்பார்கள். கிரேக்கத்தில் ‘அல்கியோன்’ என்றால் மீன்கொத்தி. கடலைக் குறிக்கும் ‘ஹால்ஸ்’ என்ற சொல்லோடு அதை முடிச்சுப் போட்டதால் முன்னால் ‘ஹ’ ஒட்டிக்கொண்டது. அல்கியோனி, காற்றுகளை ஆளும் ஏயோலஸின் மகள். கணவன் கீக்ஸ் கப்பல் உடைந்து இறந்துபோக, துயரம் தாளாத அவளும் அவனும் பறவைகளாக மாறினார்கள் என்பது புராணம். மகள் கடல்மேல் அடைகாக்கும்போது தந்தை காற்றைக் கட்டிவைப்பானாம். குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாளுக்கு முன் ஏழு, பின் ஏழு என அந்த அமைதி நாட்களை அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார்.

எந்த மீன்கொத்தியும் கடல்மேல் கூடு கட்டுவதில்லை.

நம் வெண்மார்பு மீன்கொத்தி மண்கரையில் வளை குடைந்து, அதன் கோடியில் உள்ள சிறு அறையில் வெள்ளை வெளேரென்ற உருண்டை முட்டைகளை இடும். மீனோடு நிற்காமல் ஓணான், நண்டு, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் பிடித்து, கிளையில் அடித்துக் கொன்று விழுங்கும். பறக்கும்போது அது போடும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும். சிறகின் நீலத்துக்கு நீலச் சாயம் எதுவும் காரணமில்லை. இறகுக்குள் உள்ள நுண்ணிய கெரட்டின் அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது.

காற்றோடு இந்தப் பறவைக்கு உறவு உண்டு என்ற நம்பிக்கை லேசில் போகவில்லை. செத்த மீன்கொத்தியைத் தொங்கவிட்டால் காற்று வரும் திசைக்கு அலகைத் திருப்பும் என்று ஐரோப்பியர்கள் நம்பினார்கள். தாமஸ் பிரௌன் என்ற ஆங்கில மருத்துவர் அதைப் பட்டுநூலில் கட்டித் தொங்கவிட்டே பார்த்துவிட்டார். அது ஒரு திசையில் நிற்கவில்லை. இரண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டபோது ஆளுக்கொரு பக்கம் திரும்பின. 1646-இல் வந்த அவரது நூலில் இது இருக்கிறது. கேட்டதை நம்பாமல் கட்டிப் பார்த்த அந்தப் பிடிவாதத்துக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது.

பறவையியலாளர்கள் ஹால்சியன் என்ற பெயரை ஒரு பேரினத்துக்கே சூட்டிவிட்டார்கள். வெண்மார்பு மீன்கொத்தி அதைச் சேர்ந்தது. அலையாத்திக் காடுகளில் நண்டு தேடும் கருந்தலை மீன்கொத்தியும் அதில்தான் வருகிறது: கரிய தலை, அடர்நீல முதுகு, பவள நிற அலகு. அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இப்போது அதுவும் இருக்கிறது. ஐரோலிக் கரையின் அலையாத்திகளைக் காக்க அதுவும் ஒரு காரணம்.