இல்லத் திரையரங்கில் வால்வு ஆம்ப்ளிபையர்

ரேடியோ, கிராமபோன், சினிமாக் கொட்டகை ஆகிய மூன்றிலும் ஒலியைப் பெருக்கித் தரும் பணியை நெடுங்காலம் ஆற்றி வந்தது வால்வு என்னும் கண்ணாடிக் குழாயே ஆகும். 1904ஆம் ஆண்டில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இரு முனைகளையுடைய வால்வை அமைத்தார். 1906இல் லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனை ஒன்றைச் சேர்த்தார். நம் நாட்டிலும், 1954இல் பங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், பிற்காலத்தில் வால்வின் இடத்தைப் பெரிதும் கவர்ந்து கொண்டது. ஆயினும் இசையில் ஈடுபாடுடையோர் பலர் இன்றும் வால்வு ஆம்ப்ளிபையரை விரும்பிப் போற்றுகின்றனர்.

இத்தகையோர் இல்லத்தில் சினிமா பார்ப்பதற்கான பலவழி ஒலிச் சாதனமும் வந்து சேரும்போது ஒரு வினா எழுகின்றது. ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கர்களைக் கொண்டு, இசையையும் சினிமாவையும் வால்வின் துணையால் கேட்க இயலுமா? இயலும். ஆனால், வால்வுக்கு ஏற்ற பணியை மட்டுமே அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். இணைப்பிலோ கையாளுவதிலோ பிழை நேரின் கருவிக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு விளையக்கூடும்.

வால்வு வேலை செய்யும் விதம்

காற்று அகற்றப்பட்ட குழாயினுள் ஓர் இழை சூடேற்றப்படுகின்றது. அச்சூட்டினால் கேதோடு என்னும் முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, உயர்ந்த மின்னழுத்தமுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கிரிட் என்னும் கம்பிச் சுருள் உள்ளது. இதற்கு அளிக்கப்படும் அழுத்தம் சிறிதே மாறினாலும், தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் பெரிதும் மாறுகின்றது. பெருக்கம் என்பது இதுவே.

வால்வு பல நூறு வோல்ட் அழுத்தத்திலும் மிகக் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குவது. 4 அல்லது 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்கோ குறைந்த அழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும் தேவை. ஆகவே, இவ்விரண்டுக்கும் இடையே ஒரு டிரான்ஸ்பார்மர் அமைக்கப்படுகின்றது. வால்வு ஆம்ப்ளிபையரின் சிறப்புகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த டிரான்ஸ்பார்மரைப் பொறுத்தவையே.

பணியைப் பங்கிடுதல்

5.1 என்னும் அமைப்பில் இடம், வலம், நடு, பக்கங்கள் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்களும், ஆழ்ந்த ஒலிக்கெனச் சப்வூஃபர் ஒன்றும் உள்ளன. இசைத் தட்டுகளோ பெரும்பாலும் இடம், வலம் ஆகிய இரு வழிகளிலேயே பதிவானவை. எனவே, முன்புறத்து இடம், வலம் ஸ்பீக்கர்களை மட்டும் வால்வு ஆம்ப்ளிபையருடன் இணைத்தல் போதுமானது. ஏனைய மூன்றையும் ஏ.வி. ரிசீவரிலுள்ள டிரான்சிஸ்டர்கள் இயக்கும். சப்வூஃபர் பெரும்பாலும் தனக்குரிய ஆம்ப்ளிபையரைத் தன்னகத்தே கொண்டது.

ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வீதம் இ.எல். 84 வால்வுகளைப் பயன்படுத்தினால் 10 முதல் 17 வாட் வரையிலும், இ.எல். 34 வால்வுகளைப் பயன்படுத்தினால் சுமார் 35 வாட்டும் கிடைக்கும். இது இசைக்குப் போதுமா என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு வாட் சக்தியில், ஒரு மீட்டர் தூரத்தில், 88 டெசிபல் ஒலி தரும் ஸ்பீக்கர் 10 வாட்டில் 98 டெசிபல் தரும். 100 வாட்டில்தான் 108ஐ எட்டும். சாதாரண அறையில் இசைக்கு முதலாவது அளவே தாராளமானது. சினிமாவில் வரும் வெடியோசையும் இடியோசையுமே மிகுந்த சக்தியை விழுங்குவன. அவற்றின் பெரும்பகுதி ஆழ்ந்த ஒலியாகும். ரிசீவரில் முன்புற ஸ்பீக்கர்களைச் 'சிறியவை' எனக் குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால், வால்வின் சுமையும் டிரான்ஸ்பார்மரின் சுமையும் ஒருங்கே குறையும்.

இணைக்கும் முறை

ரிசீவரின் பின்புறத்தில் 'பிரீ அவுட்' எனக் குறிக்கப்பட்ட இடம், வலம் முனைகள் இருத்தல் அவசியம். அவற்றை வால்வு ஆம்ப்ளிபையரின் ஓர் உள்வாயிலில் இணைக்க வேண்டும். இசைத் தட்டுக் கருவியை மற்றோர் உள்வாயிலில் இணைக்கலாம். இசை கேட்கும்போது ரிசீவரை நிறுத்தியே வைக்கலாம்.

சில ஆம்ப்ளிபையர்களில் ஒலியளவுக் குமிழ் தலையிடாத 'பைபாஸ்' வாயில் உண்டு. அது சினிமாவுக்கு ஏற்றது. ஆனால், இசைத் தட்டுக் கருவியை அவ்வாயிலில் இணைத்தல் கூடாது. இணைப்பின், முழு ஒலியும் ஒருங்கே வெளிப்பட்டு ஸ்பீக்கரையும் செவியையும் தாக்கும். பைபாஸ் இல்லையெனில், குமிழை ஒரு நிலையில் நிறுத்தி அடையாளமிட்டு, ரிசீவரின் சோதனை ஒலியைக் கொண்டு எல்லா ஸ்பீக்கர்களின் அளவையும் சமப்படுத்த வேண்டும். சினிமா பார்க்கும்போதெல்லாம் குமிழ் அவ்வடையாளத்திலேயே இருத்தல் வேண்டும். வால்வுகள் நன்கு சூடேறிய பின்னரே இச்சோதனையைச் செய்வது நலம்.

சில ஆம்ப்ளிபையர்கள் ஒலியலையைத் தலைகீழாக்கித் தருகின்றன. நடு ஸ்பீக்கருடன் சேர்ந்து ஒலிக்கையில் குரல் உள்ளீடற்றதுபோல் தோன்றினால், முன்புற ஸ்பீக்கர்கள் இரண்டிலும் நேர், எதிர்க் கம்பிகளை மாற்றி இணைத்துப் பார்க்கலாம்.

இரு விதிகளை ஒருபோதும் மீறலாகாது. முதலாவது, இரண்டு ஆம்ப்ளிபையர்களை ஒரே ஸ்பீக்கருடன் ஒருங்கே இணைத்தல் கூடாது. இரண்டாவது, ஸ்பீக்கர் இணைக்கப்படாத நிலையில் வால்வு ஆம்ப்ளிபையரை இயக்குதல் கூடாது. அவ்வாறு இயக்கினால் டிரான்ஸ்பார்மரில் மிகையான அழுத்தம் தோன்றி அதன் காப்புறையைச் சிதைத்துவிடும்.

வெப்பமும் அபாயமும்

இ.எல். 34 வால்வின் இழை 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் கொள்வது. நான்கு வால்வுகளின் இழைகள் மட்டுமே, ஒலி எழாத போதும், சுமார் 38 வாட் செலவிடுகின்றன. ஆகவே, கருவியை மூடிய அலமாரியிலோ ரிசீவரின் மேலோ வைத்தல் தகாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. வால்வுகள் பயன்படுந்தோறும் தேய்வன. அன்றாடச் செய்திகளைத் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பது சிக்கனமாகும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் ஒன்று வால்வுகளின் ஆயுளைக் காக்கும்.

தொலைக்காட்சி, ரிசீவர், ஆம்ப்ளிபையர் ஆகியவை இணைந்தபின் சிலபோது 'உம்' என்னும் இரைச்சல் எழுவதுண்டு. இதனை நீக்கக் கருதிச் சிலர் மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். இது பேராபத்தானது. உள்ளே காப்பு பழுதுபட்டால், கருவியின் உலோகப் பெட்டியே மின்சாரம் தாங்கியதாகிவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின் பலகையில் இணைத்துப் பார்ப்பதும், தொலைக்காட்சிக் கேபிளைச் சற்றே கழற்றிக் காரணத்தை அறிவதுமே முறையாகும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரும், உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் 400 வோல்ட் வரை அழுத்தம் தங்கியிருக்கக்கூடும். உயிரைப் போக்க இது போதும். ஆகவே, பயிற்சி பெறாதோர் கருவியின் அடிப்பலகையைத் திறத்தல் ஆகாது. வால்வின் தத்துவத்தை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர், கழற்றி எடுக்கப்பட்ட பழைய வால்வு ஒன்றைக் காட்டினாலே இழை, கிரிட், தகடு ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகக் கூறலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை.